பூ வைச்சுப் பார்த்துச் சிவப்பு வந்தால் திரும்பப் பார்க்கலாமா? நேர்த்திக்குக் காசு அனுப்பினால் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தம்பிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. சாதகக் குறிப்புப் பொருந்தி, இரண்டு பக்கமும் கதைச்சபிறகு ஊர்க் கோயிலில் பூ வைச்சுப் பார்த்தீர்கள், அதாவது வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாய்க் கட்டிச் சந்நிதியில் வைத்து, ஒன்றை எடுத்து உத்தரவு கேட்டீர்கள். வெள்ளை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை; சிவப்பு வந்தது. எல்லாருக்கும் பிடித்த இடம் என்பதால் வேறு கோயிலில் இன்னொருக்கால் பார்க்கலாமா என்கிறீர்கள். அதோடு, அம்மா செல்வச்சந்நிதி முருகனுக்கு வைத்த நேர்த்தி ஒன்று கிடக்கிறது, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பினால் தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவதுக்குப் பதில்: கூடாது. இரண்டாவதுக்கு, அம்மா என்ன சொல்லி நேர்ந்தா என்பதைப் பொறுத்தது. இரண்டும் ஒரே விசயம்தான். பூ வைச்சுக் கேட்கிறதும் ஒரு வாக்குத்தான். "நீ காட்டுறபடி நடப்பேன்" என்று சொல்லாமல் சொல்லித்தான் அந்தப் பொட்டலத்தைச் சந்நிதியில் வைக்கிறோம்.

இதை மூடநம்பிக்கை என்று கீழே எழுத ஆட்கள் வருவார்கள். வரட்டும். நம்பாதவர்கள் பூ வைக்கவேண்டாம், அவர்களுக்கு நான் எழுதவில்லை. வைத்துவிட்டு ஏமாற்றுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. "இது ஆலயக் கிரியை இல்லை" என்று சொல்லும் குருக்கள்மாரோடும் எனக்குச் சண்டையில்லை. இது ஊர் வழக்கம். ஆனால் வழக்கத்துக்கும் ஒழுங்கு உண்டு, அதைப் பலபேர் கைவிட்டுவிட்டார்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கோ. இரண்டு பொட்டலத்தில் ஒன்று எடுத்தால் வெள்ளை வர வாய்ப்புப் பாதி. சிவப்பு வந்தால் இன்னொருக்கால் பார்ப்போம் என்று போனால் முக்கால். மூன்றாம் கோயிலுக்கும் போனால் எட்டில் ஏழு பங்கு. அதாவது வெள்ளை வரும்வரை கேட்கிறவருக்கு வெள்ளைதான் வரும். அங்கே பதில் சொல்வது உங்கள் ஆசை, சாமி இல்லை.

பொட்டலம் கட்டும் விதத்திலேயே பாதிப் பிழை நடக்கிறது. பெரும்பாலும் சிவப்புக்குச் செவ்வரத்தம்பூ, வெள்ளைக்கு நந்தியாவட்டை வைக்கிறார்கள். செவ்வரத்தை பெரிசு, நந்தியாவட்டை சின்னன். இலையில் மடித்துக் கட்டினாலும் ஒன்று புடைத்து நிற்கும், கை வைத்தவுடனே விரலுக்குத் தெரிந்துவிடும். அதோடு செவ்வரத்தை நனைந்தால் சாயம் இறங்கும். கடதாசியில் மடித்திருந்தால் வெளியிலேயே கறை தெரியும். அதனால் ஒரே இனத்துப் பூவில் இரண்டு நிறம் எடுங்கோ. வெள்ளை அலரியும் சிவப்பு அலரியும் ஒரே அளவு, ஒரே பாரம். ஆனால் அலரி நஞ்சு. சின்னப்பிள்ளைதான் எடுக்கப்போகுது என்றால் பிரிக்கிற வேலையைப் பெரியவர்கள் செய்யவேணும். அலரி வேண்டாம் என்றால் ரோசாவில் வெள்ளையும் சிவப்பும், இரண்டிலும் எண்ணி ஐந்து இதழ். ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கோ.

கட்டுவதற்கு வாழையிலையை நாலு அங்குலச் சதுரமாய் இரண்டு துண்டு வெட்டி, நெருப்பில் இலேசாய் வாட்டுங்கோ. வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும், கிழிசலால் நிறம் எட்டிப் பார்க்கும். ஒரே இலையின் ஒரே பக்கத்தில் இருந்து வெட்டவேணும், அடியிலை கடும்பச்சை, குருத்து வெளிர். வாழைநாரால் இரண்டுக்கும் இரண்டே சுற்று, ஒரேமாதிரி முடிச்சு. கட்டினவர் அதோடு விலகவேணும். அவர் தட்டத்தைத் தொடக்கூடாது, எடுக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கவும் கூடாது. முகத்தைப் பார்த்தே பிள்ளை விளங்கிக்கொள்ளும். இன்னொருவர் தட்டத்தில் வைத்துக் குலுக்கி ஐயரிடம் கொடுக்கட்டும். அர்ச்சனை முடிந்தபிறகு, கேள்வி என்னவென்று தெரியாத ஒரு பிள்ளை ஒன்றை எடுக்கட்டும்.

இனி, பலர் விடுகிற ஒரு வேலை இருக்கிறது. எடுத்த பொட்டலத்தைப் பிரித்தபிறகு மற்றதையும் எல்லாருக்கும் முன்னால் பிரிக்கவேணும். அதில் மற்ற நிறம் இருக்கவேணும். இரண்டிலும் வெள்ளையைக் கட்டிவைத்து "அம்மன் உத்தரவு தந்திட்டா" என்று கலியாணம் முடித்த கதைகள் ஊரில் உண்டு. இரண்டையும் பிரித்தால் அந்தச் சந்தேகம் பிறகு ஒருநாளும் எழும்பாது.

கேள்வியையும் முன்னுக்கே கடதாசியில் எழுதுங்கோ. வெள்ளை எது, சிவப்பு எது என்றும் எழுதுங்கோ. "இவளோடு தம்பி சந்தோசமாய் இருப்பானா" என்று கேட்கக்கூடாது, அது குறி கேட்கிறது. "இந்தச் சம்பந்தத்தை நாங்கள் தொடர்ந்து பேசலாமா" என்று உங்கள் கையில் இருக்கிற செயலைப்பற்றிக் கேளுங்கோ. டொக்டர் உடனே சத்திரசிகிச்சை வேணும் என்று சொன்னபிறகு பூ வைக்கக்கூடாது. களவு போனதுக்கு ஆளைப் பிடிக்க வைக்கக்கூடாது, ஒரு அப்பாவியின் பேர் கெட்டுப்போகும். எல்லாவற்றையும்விட, ஏற்கனவே வாக்குக் கொடுத்த காரியத்துக்கு வைக்கவே கூடாது. கேட்டுவிட்டு வாக்குக் கொடுப்பதுதான் முறை. கொடுத்துவிட்டுக் கேட்பது தப்பிக்க வழி தேடுகிறதுதான்.

ஆம், இல்லை என்று கேட்காமல் வழி மட்டும் கேட்க விரும்புகிறவர்களுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது: திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கிறது. மூடிய ஏட்டுக்குள் கயிற்றை விட்டு, அது விழுந்த இடத்துப் பாட்டைப் படிக்கிறது. பிள்ளையில்லாத அச்சுதகளப்பாளருக்காக அவருடைய குரு சகலாகம பண்டிதர் இப்படித் தேவாரத்தில் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் "பேயடையா பிரிவெய்தும்" என்ற பாட்டு வந்தது. பிறந்த பிள்ளைதான் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார். பிள்ளை வரத்தைச் சொல்லும் அந்தப் பாட்டில் முக்குளத்து நீரில் தோய்வதும் வருகிறது. அச்சுதகளப்பாளரும் மனைவியும் எழும்பித் திருவெண்காட்டுக்குப் போய், குளங்களில் முழுகி, அங்கேயே தங்கி வழிபட்டார்கள். பதில் வந்தபிறகு வீட்டில் இருந்து வேறு பாட்டுத் தேடவில்லை. இன்றைக்கு அச்சுப் புத்தகத்தில் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கோ. அடிக்கடி பாடுகிற பக்கத்தில் முதுகு மடிந்து, புத்தகம் தானாய் அங்கேதான் திறக்கும். புத்தகத்தைத் திறக்காமல், இறுக்கிப் பிடித்துக்கொண்டு நூலை ஓரத்தால் இழுத்து விடுங்கோ.

இனி நேர்த்தி. பெரியபுராணத்தில் இதற்கு இரண்டு ஆட்களைப் பார்க்கலாம். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கலியாணம் செய்யும்போது "உன்னைப் பிரியேன்" என்று சந்நிதியில் சத்தியம் செய்யவேண்டி வந்தது சுந்தரருக்கு. அந்தச் சத்தியம் தன்னைக் கட்டாமல் இருக்க அவர் முன்கூட்டியே இறைவனிடம் போய், அந்த நேரம் நீ மகிழ மரத்தடிக்குப் போயிரு என்று கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியார் பக்கம், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கச் சொல்லிவிட்டார். பிறகு திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டினபோது சுந்தரருக்குக் கண் போனது. மற்றவர் சிதம்பரத்துக் குயவர் திருநீலகண்டர். கோபத்தில் மனைவி "தீண்டுவீராயின் எம்மைத் திருநீலகண்டம்" என்று ஆணையிட்டார். அவர் "என்னை" என்று சொல்லாமல் "எம்மை" என்று சொன்னபடியால் எல்லாப் பெண்களையும் அது குறிக்கும் என்று எடுத்து, இளமை முழுவதும் அப்படியே வாழ்ந்தார். ஒருவர் வாக்கைச் சுருக்க வழி தேடினார், மற்றவர் ஒரு சொல்லைப் பிடித்து அதை விரித்தார். "வேறு கோயிலில் பார்க்கலாமா" என்ற கேள்வி மகிழ மரத்தடிப் பக்கம் போகிறது. அதனால்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறேன்.

அம்மாவின் நேர்த்தி அன்னதானமா, அல்லது உடம்பால் செய்கிறதா என்று முதலில் அறியுங்கோ. சாமியறையில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பா, அந்த முடிச்சைப் பாருங்கோ. எங்கள் அம்மாமார் காசை முடிவார்கள், காரணத்தை எழுதமாட்டார்கள். பத்து வருசத்துக்குப் பிறகு எது எதுக்கு என்று அவர்களுக்கே மறந்துபோகும். இனி நேருகிறவர்கள் ஒரு துண்டில் யார், யாருக்காக, எந்தக் கோயிலில், என்ன, எவ்வளவு, எப்போதுக்குள் என்று எழுதிக் காசோடு சேர்த்து முடியுங்கோ.

அன்னதானம் என்றால் காசு அனுப்பலாம், ஆனால் ஆள்கணக்கில் பாருங்கோ. பத்தாயிரம் ரூபாய்க்குச் சாப்பாடு என்று 2022க்கு முன்னம் நேர்ந்திருந்தால், விலையெல்லாம் ஏறிக்கிடக்கிற இன்றைக்கு அந்தக் காசு பாதிப்பேருக்கும் காணாது. அம்மா நினைத்தது நூறு பேரின் வயிறு என்றால் இன்றைய விலையில் நூறு பேருக்குக் கொடுங்கோ. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குக் காணும், நூறு பேருக்குப் பன்னிரண்டரைக் கிலோ வரும். செல்வச்சந்நிதிக் கோயிலைச் சுற்றி மடங்கள் இருக்கின்றன. நாளை முன்கூட்டியே கேட்டுப் பதியுங்கோ, திருவிழா நேரம் நாள் கிடையாது. உறவுக்காரரிடம் காசு கொடுத்தால் பற்றுச்சீட்டும் நாளும் கேட்டு வாங்குங்கோ. அதைச் சந்தேகம் என்று அவர்கள் எடுக்கக்கூடாது, அது சாமியின் கணக்கு. அப்படியே வாழையிலையில் போடச் சொல்லுங்கோ. லஞ்ச் ஷீட் என்கிற பொலித்தீன் சோற்றுத் தாளை இலங்கையில் 2017இல் தடை செய்தும் கோயில் வீதிகளில் சோறு ஒட்டினபடி அது பறக்கிறது, மாடுகள் அதையே தின்னுதுகள். தருமம் என்று கொடுக்கிற சோற்றால் ஒரு மாடு வயிறு அடைத்துச் சாகிறது மனதுக்குத் தாங்கவில்லை.

உடம்பால் செய்கிற நேர்த்தி, அதாவது நடந்து வருகிறது, பிரதட்டை (வீதியில் உருண்டு சுற்றுகிறது), அடி அழிக்கிறது (பெண்கள் விழுந்து கும்பிட்டபடி வீதி சுற்றுகிறது), காவடி என்றால் காசால் தீராது. நேர்ந்தவரே செய்யவேணும். அம்மாவுக்கு இப்போது ஏலாது என்றால் அவவே சந்நிதியில் அதைச் சொல்லி, ஏலக்கூடியதாய் மாற்றிக் கேட்கட்டும். நீங்கள் அவவுக்காக மாற்றக்கூடாது. அம்மா உங்கள் தம்பியின் முதுகில் தூக்குக்காவடி நேர்ந்திருந்தால் அது தம்பி கொடுக்காத வாக்கு, அவன் மனதார ஏற்றால்தான் செய்யலாம். பிள்ளையின் உடம்பை நேராதேங்கோ என்று தாய்மாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பிரதட்டை செய்கிறவர்கள் விடியப்புறம் தொடங்கவேணும், வெயில் ஏறினால் வீதி மணல் தோலைச் சுடும். முதல்நாள் இரவே குறையச் சாப்பிடுங்கோ, உருளும்போது வயிறு பிரட்டும்.

பிந்திவிட்டதே என்று பயப்படாதேங்கோ. 1990க்குப் பிறகு யுத்தத்தால் மாவிட்டபுரம், கீரிமலைக் கோயில்களுக்கு நேர்ந்தவர்கள் கிட்டவே போகமுடியாமல் வருசக்கணக்காய் இருந்தார்கள். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனமே இடம்பெயர்ந்து எழும்பிப் போனது. பாதை திறந்தபிறகு வந்து செய்தார்கள். போக ஏலாதது வேறு, ஏலுமாய் இருந்தும் போகாதது வேறு.

கடைசியாய் அந்தப் பொம்பிளை வீடு. "பூ சரிவரவில்லை" என்பது எங்கள் ஊரில் சீதனம் காணாது என்பதற்கும், இதைவிட நல்ல இடம் வந்துவிட்டது என்பதற்கும் போர்வையாய்ப் போய்விட்டது. ஒரு பிள்ளையை மூன்று நாலு மாதம் பதில் சொல்லாமல் காத்திருக்க வைத்துவிட்டு, பிறகு பழியைச் சாமியில் போடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். பூ வைக்க முன்னம் "எங்களுக்குச் சம்மதம்" என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தீர்களா என்று வீட்டில் எல்லாரையும் இருத்திக் கேளுங்கோ. சொல்லியிருந்தால் அந்த வாக்குத்தான் முந்தினது. பிறகு வைத்த பூ உங்களை விடுவிக்காது, கலியாணத்தை நடத்துங்கோ. "யோசித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் சிவப்பை ஏற்று, இந்தக் கிழமைக்குள் பெரியவர் ஒருவர் நேரே போய், பூ வைத்தோம், வரவில்லை என்று உள்ளதைச் சொல்லட்டும். தரகரிடம் சொல்லி அனுப்பவேண்டாம். அவர்கள் தந்த குறிப்பையும் பிள்ளையின் படத்தையும் கையோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கோ.