14,000 கிலோமீட்டரே ஓடிய பழைய போர்ஷே: வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: பெங்களூரில் ஒரு போர்ஷே பாக்ஸ்டர் விலைக்கு வந்திருக்கிறது. 2011-ல் பதிவான வண்டி, 2.9 லிட்டர் இன்ஜின், பி.டி.கே. ஆட்டோமேட்டிக். மீட்டரில் 14,000 கிலோமீட்டர்தான். இரண்டாவது ஓனர் விற்கிறார். "ஷெட்டை விட்டு வெளியே எடுத்ததே அபூர்வம், ஷோரூம் கண்டிஷன்" என்கிறார். அதே வருட மாடலில் 45,000 கிலோமீட்டர் ஓடிய இன்னொரு கார் ஆறு லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. குறைவாக ஓடியதற்காக அந்த ஆறு லட்சத்தைக் கூடுதலாகக் கொடுக்கலாமா? நேரில் போனால் என்ன பார்க்க வேண்டும்? – வாசகர், கோவை

பதில்: அந்தக் கார் ஓடாமல் இருந்த காலத்தில் எப்படி நின்றது என்று தெரியும்வரை ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 14,000 கிலோமீட்டரைப் பதினைந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு எண்பது கிலோமீட்டர்கூட வராது. அவ்வளவு குறைவாக ஓடிய காரில் இன்ஜினுக்குள் தேய்மானம் குறைவாக இருக்கலாம். ஆனால் ரப்பர், ஆயில், பிரேக் ஃப்ளூயிட், பெட்ரோல், பேட்டரி எதுவும் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை. அவற்றுக்கு வருடக் கணக்குதான். வருடம் தவறாமல் ஆயில் மாற்றி, மாதம் இரண்டு முறை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிய 14,000 கிலோமீட்டர் கார் பொக்கிஷம். கவர் போட்டு மூடி மறந்துபோன 14,000 கிலோமீட்டர் காரைவிட, ஒழுங்காக ஓடிய அந்த 45,000 கிலோமீட்டர் கார்தான் என் தேர்வாக இருக்கும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. பாக்ஸ்டரில் பலரும் பயப்படுவது ஐ.எம்.எஸ். பேரிங் என்ற ஒன்றுக்கு, அதாவது இன்ஜினுக்குள் சுழலும் ஒரு இடைத் தண்டைத் தாங்கும் பேரிங். 2008 வரையிலான மாடல் இன்ஜின்களுக்குள் இருக்கும் அந்த பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். அடிக்கடி ஓட்டாமல், ஆயில் மாற்றாமல் நிறுத்தி வைத்த கார்களில்தான் அது அதிகம் உடைகிறது என்பது இந்த இன்ஜின்களைப் பிரித்து வேலை செய்கிறவர்களின் அனுபவம். 2009 மாடலில் வந்த புதிய இன்ஜினில் அந்த பேரிங்கே கிடையாது. உங்கள் கார் 2011-ல் பதிவானது என்பதால் தப்பித்தீர்கள். ஆனால் பதிவான வருடமும் மாடல் வருடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. சேசிஸ் நம்பரின் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். 'பி' (B) என்றால் 2011 மாடல், 'ஏ' (A) என்றால் 2010, 9 என்ற எண் இருந்தால் 2009. 8 இருந்தால் பழைய இன்ஜின். அப்போது இந்தப் பேச்சே வேறு. விண்ட்ஷீல்டின் கீழ் மூலையில் தெரியும் சேசிஸ் நம்பரும், பாடியில் அடித்திருக்கும் நம்பரும், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, மீட்டர் சொல்வது உண்மையா? மீட்டரைத் திருப்பி வைப்பது இன்று பெரிய வேலை இல்லை. ஆனால் காரின் எல்லா உறுப்பும் ஒரே பொய்யைச் சொல்லும்படி மாற்றுவது கஷ்டம். போர்ஷே சர்வீஸ் சென்டரிலோ, போர்ஷேக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக்கிடமோ காரைக் கொண்டுபோய் இன்ஜின் கம்ப்யூட்டரின் ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது அதில் இருக்கும். கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 14,000 கிலோமீட்டருக்கு 500 மணி நேரம் என்றால் சராசரி வேகம் 28. பெங்களூர் டிராஃபிக்கும் அவ்வப்போது ஒரு நந்தி மலைப் பயணமும் சேர்ந்தால் அது பொருந்துகிற கணக்குதான். 2,000 மணி நேரம் என்றால் சராசரி 7 என்று வரும். அப்படியென்றால் மீட்டரைத் திருப்பியிருக்க வேண்டும், அல்லது பேட்டரி இறங்காமல் இருக்க ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் வருடக்கணக்காக ஓடவிட்டிருக்க வேண்டும். இரண்டாவது காரணம் கேட்கப் பரவாயில்லை போலத் தோன்றும். எனக்கு அதுவும் பிடிக்காது. முழுச் சூடு ஏறாத இன்ஜினில் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து நின்றுவிடும். அது ஓட்டியதைவிட மோசமான தேய்மானம்.

அதே ரிப்போர்ட்டில் இன்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றிய கணக்கும் ஆறு படிகளாக இருக்கும். மேனுவல் கியர் காரில் நான்காவது படியிலிருந்து எண்கள் இருந்தால், யாரோ தப்பான கியரைப் போட்டு இன்ஜினைப் பதறவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். பி.டி.கே. அப்படிப்பட்ட கியர் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளாது. அதனால் உங்கள் காரில் இது பெரிய கவலையாக இருக்காது.

டயரும் சாட்சி சொல்லும். டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 1811 என்றால் 2011-ன் 18-வது வாரத்தில் தயாரானது. நான்கு டயரிலும் 2010 அல்லது 2011-ல் தயாரானதாக இருந்தால் கம்பெனியில் போட்ட டயரே இன்னும் ஓடுகிறது. மீட்டர் உண்மை என்பதற்கு இது நல்ல ஆதாரம், ஆனால் அந்த டயர்களைத் தூக்கி எறிய வேண்டும். டயரின் பூ (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளங்கள்) எவ்வளவு இருந்தாலும் சரி, பத்து வயதைத் தாண்டிய ரப்பரை நம்பி 255 குதிரைசக்தி காரை ஓட்டக்கூடாது. 2018, 2019 தேதி இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். வயதாகிவிட்டது என்பது சரியான பதில். ஆனால் இப்போது ஓடுவது மூன்றாவது செட் என்று பில்லில் தெரிந்தால் 14,000 என்ற கணக்கு எங்கோ இடிக்கிறது. போர்ஷே சிபாரிசு செய்யும் டயரில் 'என்' என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும், அதையும் கவனியுங்கள். நான்கு டயரும் மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டும்.

பிரேக் டிஸ்க்கின் விளிம்பை விரலால் தடவுங்கள், கார் ஆறியிருக்கும்போது மட்டும். 14,000 ஓடிய டிஸ்க்கில் மேடு ஏறக்குறைய தட்டுப்படவே கூடாது. தடித்த மேடு இருந்தால் மீட்டரைச் சந்தேகியுங்கள். மேடு இல்லாமல் முகம் முழுக்கத் துருக்குழி இருந்தால் கார் ஈரத்தில் நின்றிருக்கிறது. ஸ்டீயரிங் தோலின் பளபளப்பு, டிரைவர் சீட்டின் ஓரம், பிரேக் பெடல் ரப்பர் எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பார்க்கப் போகும் முந்தைய நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் இன்ஜின் இருக்கும் பகுதியையும் சைலன்சர் முனையையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காரணம் கேளுங்கள், முடிந்தால் இன்னொரு நாள் போங்கள். முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கொஞ்சம் நீலப் புகை வந்தால் பதற வேண்டாம். இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கின்றன. நாள்கணக்கில் நின்றால் கொஞ்சம் ஆயில் உள்ளே கசிந்து, ஸ்டார்ட் ஆனதும் எரிந்துபோகும். ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிட வேண்டும். தெளியாமல் வெள்ளைப் புகை மேகம் போலக் கிளம்பினால் ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் செப்பரேட்டர் போயிருக்கலாம். அது சின்ன பாகம்தான், மாற்றிவிடலாம். ஆனால் மாற்றும் செலவைப் பேசிக் கழிக்காமல் வாங்காதீர்கள்.

பாக்ஸ்டரில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், நடுவில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து ஆயில், கூலண்ட் ஊற்றும் மூடிகள் மட்டும்தான் தெரியும். ஆகவே லிஃப்டில் ஏற்றாமல் இந்தக் காரைப் பார்த்ததாகவே கணக்கில்லை. கீழிருந்து பார்த்தால் ஆயில் கசிவு, வெடித்த ரப்பர் பூட், விரிசல் விட்ட புஷ், பாறையில் இடித்த தடம் எல்லாம் தெரிந்துவிடும். முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் உள்ள காற்றுத் துளைகளுக்குள் டார்ச் அடியுங்கள். ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்சரும் அங்கேதான் இருக்கின்றன. காய்ந்த இலையும் குப்பையும் அங்கே அடைந்து, ஈரத்தைப் பிடித்து வைத்து, அலுமினியத்தை அரித்துவிடும். நின்றுபோன காரில் இதை யாரும் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் எலி. நம் ஊரில் நிற்கும் காருக்கு எலியைவிடப் பெரிய எதிரி இல்லை. முன் டிக்கியைத் திறந்து, பேட்டரியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஏ.சி. ஃபில்டர் பெட்டியில் பஞ்சு, கொட்டை ஓடு, எலிப் புழுக்கை, மூத்திர வாடை எதுவாவது இருக்கிறதா? அங்கே இருந்தால் ஒயரிலும் பல் பட்டிருக்கும். இந்த வகைக் காரில் ஒயரிங் வேலை முடிவே இல்லாமல் இழுக்கும். நான் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவேன்.

துணிக் கூரையை இரண்டு முறை முழுவதுமாகத் திறந்து மூடுங்கள். கூரை மடங்கும் இடத்தின் பின் ஓரங்களில் மழைநீர் இறங்கும் துளைகள் உண்டு. அரை மக் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் கார் அடியில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் துளை அடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் ஏற்கெனவே உள்ளேதான் போய்க்கொண்டிருந்திருக்கும்.  உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பாகங்கள் நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். சீட்டைத் தள்ளி கார்ப்பெட்டைத் தூக்கி, அடியிலுள்ள ஃபோமை அழுத்திப் பாருங்கள்.

பெங்களூர் கார் என்பதால் வெள்ளத்தையும் மறக்காதீர்கள். 2022 செப்டம்பரில் அந்த நகரத்தின் கிழக்குப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தபோது, பங்களா வாசலில் நின்ற விலை உயர்ந்த கார்கள் அப்படியே மூழ்கின. ஷெட்டை விட்டு எடுக்காத காருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வருடம் இன்சூரன்ஸ் கிளெய்ம் எடுத்தார்களா என்பதை பழைய பாலிசிகளின் நோ கிளெய்ம் போனஸ் சொல்லிவிடும். 2021-ல் ஐம்பது சதவீதம் இருந்த போனஸ் 2023-ல் பூஜ்யமானால் ஏதோ நடந்திருக்கிறது.

டிங்கரிங், பெயிண்டிங் நடந்திருக்கிறதா என்று பார்க்க பெயிண்ட் தடிமன் மீட்டர் எடுத்துப் போங்கள். இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் மீட்டராக இருக்கட்டும். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் மறுபடி பெயிண்ட் அடித்தது. அதில் தப்பில்லை, பார்க்கிங்கில் கீறியிருக்கலாம். 700, 1,000 என்று போனால் அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது.

ஸ்கேனரில் ஃபால்ட் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) நிறைய வந்தால் உடனே பயப்படாதீர்கள். பேட்டரி இறங்கிய காரில் வோல்டேஜ் குறைவால் வந்த கோடுகள் வரிசையாக இருக்கும். அழித்துவிட்டு முப்பது கிலோமீட்டர் ஓட்டி மறுபடி பார்த்தால் உண்மையான கோளாறு மட்டும் திரும்பி வரும். எனக்குச் சந்தேகம் வருவது எதிர்ப்பக்கத்தில்: ஒரு கோடுகூட இல்லை, ஆனால் கம்ப்யூட்டரின் சுய பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பது தெருவை ஒரு சுற்று சுற்றுவது இல்லை. நாற்பது நிமிடமாவது ஓட்டுங்கள். டிராஃபிக்கில் ஏ.சி. முழுதாக வைத்து ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்க வேண்டும், பி.டி.கே. உதறக்கூடாது. முதல் சில கிலோமீட்டரில் ஸ்டீயரிங்கில் அதிர்வு இருந்து பிறகு மறைந்தால், நின்று நின்று டயர் தட்டையாகிச் சூட்டில் சரியானது என்று அர்த்தம். மறையாவிட்டால் டயரோ டிஸ்க்கோ மாற்ற வேண்டியிருக்கும்.

சர்வீஸ் பில்களில் கிலோமீட்டரைவிடத் தேதியைப் பாருங்கள். பிரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஸ்பார்க் பிளக் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஓடாவிட்டாலும். "ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ்?" என்று ஓனர் கேட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும், பிளக், பெல்ட், ஏ.சி. வேலை என மொத்தத்துக்கும் ஒரு கொட்டேஷன் வாங்கி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். அந்த ஆறு லட்ச வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அப்போது தெரியும்.

பேப்பரில் உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2011-ல் பதிவான காரின் ஆர்.சி. 2026-ல் பதினைந்து வருடத்தைத் தொடுகிறது. எஃப்.சி. காட்டிப் புதுப்பித்தால்தான் அடுத்த ஐந்து வருடம். புதுப்பித்துக் கொடுக்கும் பொறுப்பு விற்பவருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். கர்நாடக ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. இல்லாமல் கோவையில் பதிவை மாற்ற முடியாது. தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அது எவ்வளவு என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். ஆர்.சி.யில் பேங்க் ஹைப்போ (காரின் மேல் உள்ள கடன் பதிவு) இருந்தால் அது நீங்கும்வரை டோக்கன் அட்வான்ஸுக்கு மேல் தராதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்து வாங்கினால், அன்றைக்கே பெங்களூரிலிருந்து கோவைக்கு ஓட்டி வரும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பழைய டயரிலும் பழைய பிரேக் ஃப்ளூயிடிலும் ஹைவேயில் இறங்காதீர்கள். ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி நேராக ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், டேங்கில் தேங்கிய பெட்ரோலை வடித்து, டயர் போட்டு, எல்லா ஆயிலும் மாற்றிய பிறகு ஓட்டுங்கள்.