படகின் அகலம் (வாசகர் கடிதம்)

அன்பின் ஐயா,

மூன்று வருடங்களாக ஹாம்பிளில் மற்றவர்களின் படகுகளில் பாய் இழுக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு பழைய படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று லிமிங்டனில் நிற்கும் கொன்டெஸ்ஸா 32, 1976-இல் கட்டியது. மற்றது ஹாம்பிளில் நிற்கும் மூடி 33, ஏறத்தாழ அதே வயது. கோடையில் பிரித்தானி வரை போய்வர வேண்டும், சொலென்ட் நீரிணையில் நடக்கும் போட்டிகளில் ஓட வேண்டும், வீட்டு வாடகையை விட்டுவிட்டு அதிலேயே குடியிருக்கவும் வேண்டும். மனைவிக்குக் கொஞ்சம் தயக்கம். போகப்போகப் பழகிவிடுவார். எங்கள் பூர்வீகம் வல்வெட்டித்துறை. அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கா போன ஊரின் இரத்தம் சும்மா இருக்குமா? எதை வாங்கலாம்?

ச., சவுத்ஹாம்ப்டன்

அன்பின் ச.,

போன கிழமை பரணில் ஒரு பழைய பெட்டியைத் திறந்தேன். மகளின் முதல் படப்புத்தகம் கிடைத்தது, அட்டை முழுக்கக் கரும்பூஞ்சை. நாங்கள் இரண்டு குளிர்காலம் படகில் குடியிருந்ததன் மிச்சம் அது. மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

போட்டிக்கு என்றால் கொன்டெஸ்ஸா. அதற்கென்றே தனி வகுப்பு சொலென்டில் இன்றும் ஓடுகிறது, யோசிக்க ஒன்றுமில்லை. இயந்திரம், கம்பிகள், பாய்கள் எல்லாவற்றையும் ஒரு நல்ல சர்வேயர் பார்த்துச் சொல்லுவார். அன்னபூரணிப் பேச்சு வேண்டாம், தம்பி. அது 1938-இல் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தைத் தொட்டதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு நிறையும், நானும் அந்த ஊர்தான். ஆனால் அதில் போன நம்மூரார் கடலிலேயே பிழைத்தவர்கள். அவர்கள் பழகிய பழக்கம் இரத்தத்தில் இறங்கி வராது.

இனி அகலம். நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டு படகுக்கும் நீளத்தில் ஓரடிதான் வித்தியாசம், அகலத்தில் ஏறத்தாழ 2 அடி. மூடியில் அந்த இரண்டடி பின்பக்கத்தில் ஒரு தனி அறையாகிறது, இருவர் இடித்துக்கொள்ளாமல் நடமாடும் இடமாகிறது. ஒன்பதரை அடி அகலமுள்ள கொன்டெஸ்ஸாவில் ஒருவர் அடுப்படிக்குப் போக மற்றவர் காலை மடக்க வேண்டும். கடலில் கணக்கு வேறு. அகலமான படகு துறையில் ஆடாமல் நிற்கும். பேரலை ஒன்று அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் அப்படியும் ஆடாமல் கிடக்கப் பார்க்கும். ஒடுங்கிய உடம்பும் கனத்த ஏராவும் (அடிமரமும்) உள்ள படகு தலைகீழாக நெடுநேரம் கிடக்காது, உருண்டு எழுந்துவிடும். கொன்டெஸ்ஸாவின் 9,500 இறாத்தல் எடையில் 4,500 அடியில் இருக்கும் பாரம்.

1979 ஆகஸ்டில், இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துப் பக்கம் போய்வரும் ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டிக்கு 303 படகுகள் புறப்பட்டன. புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் ஓடி முடித்தது ஒன்றே ஒன்று, அசென்ட் என்ற கொன்டெஸ்ஸா 32. பிறகு விசாரணையில் கணக்குப் பார்த்தார்கள். கொன்டெஸ்ஸா 150 பாகைக்கு மேல் சாய்ந்தாலும் நிமிரவே பார்க்கும். அன்று கவிழ்ந்த கிரிமால்கின் என்ற படகு 120 பாகையை எட்டுமுன்பே நிமிரும் வலுவை இழந்துவிடும். மூடியை நான் அதோடு சேர்க்கவில்லை. கிரிமால்கின் பந்தயத்துக்காகவே இலேசாகக் கட்டியது, மூடி குடும்பப் படகு. அகலம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் சொன்னேன்.

நானும் ஒடுங்கிய படகைத்தான் வாங்கினேன், முப்பது அடி. இச்சின் ஆற்றில் கட்டியிருந்தோம். எந்தக் கடலுக்கும் போகும் படகு என்று எனக்கு அவ்வளவு பெருமை. இரண்டு வருடத்தில் கடலுக்குப் போனது நாலு தடவை. போவதென்றால் தொட்டில், அரிசி மூட்டை, உடுப்புப் பெட்டி எல்லாவற்றையும் முதலில் கரையில் இறக்க வேண்டும். இறக்கி முடிக்கையில் நீரோட்டம் மாறிவிடும்.

பிறகு ஈரம். காஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். 4.5 கிலோ பியூட்டேன் சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 7 லீட்டர். அவ்வளவும் ஆவியாகக் கூரையில் ஏறி, இரவில் குளிர்ந்து, தலைமாட்டில் சொட்டும். சோற்றுப்பானையின் ஆவியும் மூன்று பேரின் மூச்சும் அதற்கு மேலே. மகளுக்குச் சளி மாறவே இல்லை. மனைவி ஒருநாளும் முறையிடவில்லை, பழகிவிட்டார் என்றே நினைத்தேன். இரண்டாவது பெப்ரவரியில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, பிள்ளையின் படுக்கை விரிப்பை எடுத்து என் முன்னால் பிழிந்தார். தண்ணீர் வந்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏப்ரலில் படகை விற்றேன்.

'போகப்போகப் பழகிவிடுவார்.' இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் கடிதத்தில் இரண்டு படகுக்கும் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, நிற்கும் இடம் இருக்கிறது. அவருக்கு ஒன்றுமே இல்லை. அவர் எதற்குத் தயங்குகிறார் என்று ஒரு வரி கூட இல்லை. குளிருக்கா, தண்ணீருக்கா, உங்களுக்கா?

கடலும் போட்டியும்தான் வேண்டும் என்றால் கொன்டெஸ்ஸாவை வாங்குங்கள், கரையில் ஓர் அறையை வைத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கத்தான் வேண்டும் என்றால் மூடி. புகை வெளியே போகும் ஹீட்டர் பூட்டுங்கள், மெத்தைக்கு அடியில் காற்றோட விடுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவும் படுக்காதீர்கள். பல மரீனாக்கள் குடியிருக்க அனுமதிப்பதில்லை, அதை முதலில் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், விற்பவரிடம் கேட்டு ஜனவரியில் இருவரும் ஓர் இரவு அந்தப் படகில் தங்குங்கள். சமையுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். காலையில் உங்கள் மனைவி எனக்கு நாலு வரி எழுதட்டும். மீதிப் பதிலை அவருக்கு எழுதுகிறேன்.