வாசகர் கேள்வி-பதில்: வயிற்றுத் துவாரம் மூடுமா, மூடாதா?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் விழுங்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் வயிற்றில் குழாய் வைத்தார்கள். குழாயைச் சுற்றித் தோல் சிவந்து எரிகிறது. பக்கத்து வீட்டு மாமாவோ, "வயிற்றில் போட்ட ஓட்டை மூடவே மூடாது" என்கிறார். உண்மையா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாமா சொல்வது போல நடந்ததுண்டு, ஆனால் அப்பாவுக்கு அந்தப் பயம் வேண்டாம். 1822இல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குத் துப்பாக்கிக் குண்டடி பட்டது. இரைப்பையின் விளிம்பு வெளிக்காயத்தோடு ஒட்டி ஆறியதால் துவாரம் நிலைத்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட், 1825 ஆகஸ்ட் 1 அன்று இறைச்சி, ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி அதன் வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரத்தில் முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்போது அப்படியே இருந்தது, கரைய இன்னும் நேரம் பிடித்தது. இரைப்பைநீரை வெளியே எடுத்து, புட்டியில் ஊற்றி, உடல் சூட்டில் வைத்தபோதும் இறைச்சி கரைந்தது, மெதுவாகத்தான். செரிமானம் வெறும் அரைப்பு வேலையல்ல, அமிலநீரின் வேலையும்தான் என்பது இப்படித் தெளிவானது. அதிலுள்ள பெப்சின் என்ற, புரதத்தைச் செரிக்கும் நொதியை 1836இல் தியோடர் ஷ்வான் கண்டறிந்தார்.

அப்பாவின் தோலை எரிப்பதும் இதே நீர்தான். குழாயைத் தோலின் மேல் பிடித்து வைக்கும் வெளித் தட்டு தளர்ந்தால் கசியும். இறுக்கினால் உள்ளே புண்ணாகும். தட்டுக்கும் தோலுக்கும் சுமார் அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். தினமும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, ஒற்றி எடுத்து, ஈரம் போனபின் ஜிங்க் ஆக்சைடு கிரீமை மெல்லியதாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம். அடியில் துணியைத் திணிக்காதீர்கள். நனைந்த துணி அமிலத்தைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி, முடிந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். மருந்தை உணவோடு கலக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை நசுக்கவே கூடாது. தாதியிடமோ மருந்தாளரிடமோ கேட்டு மாற்று வாங்குங்கள். மலச்சிக்கலும் விடாத இருமலும்கூட வயிற்றழுத்தத்தைக் கூட்டிக் கசியவைக்கும்.

குழாய் கழன்று விழுந்தால்தான் அவசரம். அப்பாவின் துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது குழாய் மட்டுமே. அது போனால் சில மணி நேரத்திலேயே சுருங்கி மூடத் தொடங்கும். நீங்களே திருப்பிச் செருகாதீர்கள், தவறான இடத்தில் போனால் உணவு இரைப்பைக்கு வெளியே, வயிற்றறைக்குள் கொட்டும். சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சீழ், காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.