ரேடார்காரர் பதில்கள்

(விமானப்படை ரேடார் பிரிவில் இருபது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, காட்பாடியில் வசிப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

க. ரா., குடியாத்தம்: "அணுகுண்டுக்கு ஏவுகணைத் தடுப்பை நம்பி உட்கார முடியாது" என்று கடந்த இதழில் எழுதினீர்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானிலிருந்து வந்த ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் நம் படைகள் வானிலேயே வீழ்த்தியதை மறந்துவிட்டீர்களா? ரேடாரில் உட்கார்ந்தவரே இப்படிப் பேசலாமா?

மறப்பேனா? அந்த நான்கு நாளும் என் வீட்டு டிவி அணையவே இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்று மனைவி போட்ட சத்தம்கூடக் காதில் விழவில்லை. வேலை சுத்தம்; அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அன்று வந்தவை சுமந்தது சாதாரண வெடிமருந்து. நூறு வந்து தொண்ணூற்றைந்தை வீழ்த்தினால், மீதி ஐந்து எங்கோ விழும், சுவர் இடியும், சில உயிர்களும் போகும். ஊர் மிஞ்சும். அந்த ஐந்தும் அணுகுண்டு என்றால் ஐந்து ஊர் போயிற்று. ஹிரோஷிமாவுக்கு ஒன்று போதுமாக இருந்தது.

குறி பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறக்குறைய 130 கி.மீ. எக்ஸ்பிரஸ் ரயிலுக்கே இரண்டு மணி நேரம் வேண்டும், அதுவும் அரக்கோணத்தில் சிக்னலுக்காக நிறுத்தி வைக்காமல் இருந்தால். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வினாடிக்கு 7 கி.மீ. வேகத்தில் அதே தூரத்தை 19 வினாடியில் கடந்துவிடும். பாகிஸ்தான் ஏவுகணைகள் அவ்வளவு வேகமில்லை. ஆனால் தூரமும் குறைவு. பத்து நிமிடம்கூட நமக்குக் கிடைக்காது.

என் காலத்தில் இருட்டறையில், வட்டத் திரையில் பச்சைக் கோடு சுற்றிவரும். ஒரு விடியற்காலை, தாழப் பறக்கும் விமானம் போலவே ஒரு புள்ளி. கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். நாலு சுற்று பார்த்த பிறகுதான் அது காற்றில் தள்ளாடுவது தெரிந்தது. கொக்குக் கூட்டம்! காட்டிக்கொடுத்தது காற்று. வாயுமண்டலத்துக்கு மேலே அந்த உதவி கிடையாது. அங்கே வெறும் பலூனும் அணுகுண்டு முனையும் ஒரே வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் போகும். குண்டோடு இருபது பலூனை அவிழ்த்துவிட்டால் எதைச் சுடுவது?

அமெரிக்க அதிபர் ரேகன் 1983-ல் விண்வெளிக் கவசம் பற்றி அறிவித்தார். இத்தனை ஆண்டு செலவழித்தும் அமெரிக்கா அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் 44 இடைமறிப்பு ஏவுகணைகளைத்தான் நிறுத்தி வைத்தது. அதுவும் வட கொரியா போன்ற சிறிய கையிருப்பு உள்ள நாட்டை மனத்தில் வைத்து. தாங்களே நாள் குறித்து, தாங்களே ஏவிய சோதனைகளில்கூட ஏறக்குறைய பாதிதான் இலக்கில் பட்டது. நம் நாடும் 2006 நவம்பரில் உயரே ஒரு தடுப்பையும், 2007 டிசம்பரில் அதற்குக் கீழே இன்னொன்றையும் சோதித்து வெற்றி கண்டது. இரண்டு வலை விரிப்பது புத்திசாலித்தனம். மீன் ஒன்றுகூடத் தப்பாது என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஜெ. வ., சத்துவாச்சாரி: அணுகுண்டு விழுந்தால் கான்கிரீட் மொட்டைமாடி தாங்குமா?

மே மாத வெயிலையே தாங்கவில்லை.

அ. சே., வேலூர்: நம் கோட்டைக்கு அகழி போல நாட்டுக்கும் ஒரு கவசம் இருப்பது நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் இந்த உதாரணம் உங்கள் கட்சிக்கே பாதகம். 1806 ஜூலை 10, விடியலுக்கு முன் சிப்பாய்கள் எழுந்தபோது வெள்ளையரை அந்த அகழி காப்பாற்றவில்லை. எழுந்தவர்கள் மதிலுக்கு உள்ளேயே இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பீரங்கி வந்ததும் கதவு உடைந்தது. ஒரே கோட்டை ஒரே நாளில் இரண்டு முறை கைமாறியது.

கவசத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டவன் துணிந்து முதலில் அடிப்பானோ என்று எதிரி பயப்படுவான். அதனால்தான் 1972-ல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தடுப்பு ஏவுகணைகளுக்கே வரம்பு போட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2002-ல் அமெரிக்கா விலகியது. 2018-ல் புதின் புதுவகை ஏவுகணைகளை வரிசையாகக் காட்டியபோது இந்த விலகலைத்தான் காரணமாகச் சொன்னார். அவர் சொல்வதை எல்லாம் நான் நம்புவதில்லை. இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் புரிகிறது.

ஓய்வுபெற்ற ஹவில்தார், கம்மவான்பேட்டை: அணுகுண்டு வைத்து மிரட்டுகிறவனோடு என்ன பேச்சு?

ஐயா, ராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய ஊர்க்காரருக்கு நான் வீரம் சொல்லித்தரப் போவதில்லை. பேசுவது அவனை நம்பி அல்ல. இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணுமின் நிலையங்கள் முதலான இடங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று கைமாற்றிக்கொள்கின்றன. "இவற்றைத் தாக்க மாட்டோம்" என்று 1988-ல் போட்ட ஒப்பந்தம் அது. கார்கிலுக்குப் பிறகும் கொடுத்தார்கள், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும் கொடுத்தார்கள்.

2022 மார்ச் 9 அன்று நம் பக்கத்திலிருந்து ஒரு பிரமோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தான் பஞ்சாபில் போய் விழுந்தது. வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. மூன்று அதிகாரிகளுக்கு வேலை போனது. அந்தச் சீருடையைப் போட்டவன் என்ற முறையில் எனக்குத் தலைகுனிவாக இருந்தது. அன்று எதிர்ப்பக்கத்து ரேடார் அறையில் இருந்தவனைத்தான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அவனும் டீயைக் கீழே வைத்திருப்பான்.

பிளஸ் டூ மாணவி, ஆம்பூர்: கம்ப்யூட்டர் படித்தால் ஏவுகணைத் தடுப்புத் துறையில் வேலை கிடைக்குமா?

தாராளமாக, மகளே. ஆனால் 1991 பிப்ரவரி 25-ஐ முதலில் படி. வளைகுடாப் போரில், சவூதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் தடுப்பு அமைப்பு நூறு மணி நேரமாக அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் வினாடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணும். பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதினால் முடிவே வராது. எங்காவது வெட்ட வேண்டும். வெட்டிய துணுக்குகள் சேர்ந்து நூறு மணி நேரத்தில் 0.34 வினாடி பிசகு ஆகிவிட்டது. அதற்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ரேடார் தவறான இடத்தில் தேடியது. தடுப்பு ஏவுகணை கிளம்பவே இல்லை. 28 வீரர்கள் இறந்தார்கள். திருத்திய நிரல் அங்கே வந்து சேர்ந்தது மறுநாள்.

ஒரு தாளை எடுத்துப் பத்தில் ஒன்றை இரும எண்ணாக மாற்றிப் பார். 0011 என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். புள்ளிக்குப் பிறகு இருபத்து மூன்று இலக்கத்தோடு நிறுத்தி, எவ்வளவு விட்டுப்போயிற்று என்று கணக்குப் போட்டு அனுப்பு. கால்குலேட்டர் கூடாது.