மொத்தக் கிரேயை மட்டும் பார்க்காதீர்கள்: கதிர்ச் சிகிச்சை கேள்வி-பதில்

கே: மாமிக்கு மார்பகப் புற்றுநோய்க்கு 25 நாளில் 50 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுத்தார்கள். அம்மாவுக்கு 15 நாளில் 40 தான். சனம் கூடிவிட்டது என்று குறைத்துவிட்டார்களா? (வெள்ளவத்தை)

இல்லை. மாமிக்கு ஒரு தவணைக்கு 2 கிரே, அம்மாவுக்கு 2.67. தவணை பெரிதானால் ஒவ்வொரு கிரேயின் தாக்கமும் கூடும், அதுவும் திசுவுக்குத் திசு வேறுபடும். அதை அளக்கும் எண்தான் ஆல்பா-பீட்டா விகிதம். மொத்த அளவை (தவணை அளவு + விகிதம்) ஆல் பெருக்கி, (2 + விகிதம்) ஆல் வகுத்தால் 2 கிரே தவணைகளில் அதற்குச் சமமான அளவு வரும். ஆண்டுகள் கழித்து வரும் இறுக்கம், வடு போன்றவற்றுக்கு விகிதம் 3 அளவில் இருக்கும். 40 × 5.67 ÷ 5 = 45.3. பழைய 50ஐ விட நல்ல திசுவுக்குச் சுமை குறைவு. இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட பிரித்தானியாவின் ஸ்டார்ட்-பி ஆய்வில் 10 ஆண்டு பார்த்தபோதும் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை, மார்பகச் சுருக்கமும் குறைவு. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கே: அப்பாவுக்கு முதுகெலும்பில் போன வருடம் 10 நாளில் 30 கிரே கரண்ட் (கதிர்) பிடித்தது. அதே இடத்தில் திரும்பவும் வலி. இனி 5 நாளில் 20 கொடுத்தால் மொத்தம் 50. முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) 50 தாங்குமாமே? (கொட்டாஞ்சேனை)

எனக்குப் பயம் தருவது இந்தக் கூட்டல்தான். அந்த 50, 2 கிரே தவணைகளுக்கான எல்லை. முண்ணாணுக்கு விகிதத்தை 2 என்று எடுப்போம். முதல் 30, 37.5 ஆகிறது. அடுத்த 20, 30 ஆகிறது. மொத்தம் 67.5! அதற்குப் பதிலாக ஒரே தவணையில் 8 கிரே என்றால் அது 20க்குச் சமம், முதல் 37.5உடன் கூட்டினால் 57.5. அதுவும் 50ஐத் தாண்டுகிறதே என்பீர்கள். முண்ணாண் மாதக்கணக்கில் ஓரளவு தேறிவிடும், ஆகவே இடைவெளியையும் பார்த்துத்தான் டொக்டர் முடிவெடுப்பார். பழைய சிகிச்சைப் பதிவைக் கட்டாயம் கொண்டுபோங்கள்: அளவு, தவணைகள், எந்த முள்ளெலும்பு வரை என்பது எல்லாம். முண்ணாணில் உண்மையில் விழுந்த அளவு அதில்தான் தெரியும்.

கே: தொண்டைப் புற்றுநோய். போயா விடுமுறை, காய்ச்சல் என்று 3 நாள் தவறிவிட்டது. மிச்ச நாட்களில் அளவைக் கூட்டலாமா?

நாள் இழுபட்டால் கட்டி மறுபடி வளரும், அதனால் ஈடுசெய்யத்தான் வேண்டும். ஆனால் தவணையைப் பெரிதாக்கினால் நல்ல திசுவே அடிவாங்கும். சனிக்கிழமையில் ஒரு தவணை, அல்லது குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு. இவற்றை முதலில் கேளுங்கள்.

கே: எனக்குப் புரொஸ்டேட்டுக்கு 20 நாளில் 60 கிரே. கணக்குப் போட்டால் மலக்குடலுக்கு 72 வருகிறது. சரியா?

மலக்குடலுக்கும் விகிதம் 3 என்று எடுத்தால், 60 முழுவதும் விழும் சிறு பகுதிக்கு மட்டும் சரி. பாதி விழும் பகுதிக்கு மொத்தம் 30, தவணைக்கு 1.5. அது 36 ஆகாது, 30 × 4.5 ÷ 5 = 27. அளவு குறையும்போது தவணையும் சிறுத்துவிடுவதால் உறுப்புக்கு இரட்டை ஆறுதல். கதிர் கூடுதலாகக் குவியும் இடத்தில் இதுவே தலைகீழாகும், அதனால்தான் மலக்குடலின் எவ்வளவு பங்கு எவ்வளவு வாங்குகிறது என்ற வரைபடத்தைப் பார்த்தே திட்டத்தை ஒப்புக்கொள்கிறோம். உங்களுடையதையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.