பி காம்ப்ளெக்ஸ் போட்டும் மாதாமாதம் திரும்பும் வாய்ப்புண்

மாதம் ஒருமுறை உதட்டின் உட்புறமும் நாக்கோரமும் புண் வருகிறது, பி காம்ப்ளெக்ஸ் போட்டும் நிற்கவில்லை என்கிறீர்கள். குறைபாடு இருந்தால்தான் அந்த மாத்திரை பலன் தரும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதை விட்டு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட் (இதுவும் ஒரு பி வைட்டமின்) நான்கையும் இரத்தத்தில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்து பற்பசை. உறையில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரை தரும் பொருளின் பெயர் இருந்தால், அது இல்லாத ஒன்றுக்கு இரண்டு மூன்று மாதம் மாறிப் பாருங்கள். நுரை குறையும், அவ்வளவுதான். புண் எப்போதும் ஒரே இடத்திலா? அப்படியானால் பல்லின் கூர்முனை உரசுகிறதா என்று பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போதைய வலிக்கு, ட்ரையாம்சினலோன் 0.1% என்ற ஸ்டீராய்டு வாய்ப் பசையை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். பலர் சொதப்புவது பூசும் முறையில்தான். இரவு பல் துலக்கியபின் புண்ணைப் பஞ்சால் ஒற்றி ஈரம் எடுத்து, கடுகளவு பசையை மெல்ல ஒற்றி வையுங்கள். தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது. உதட்டின் வெளியே கொத்தாக நீர்க்கொப்புளம் என்றால் இந்தப் பசையைத் தொடாதீர்கள். அது ஹெர்ப்பீஸ் வைரஸாக இருக்கலாம், ஸ்டீராய்டு அதை மோசமாக்கும்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது நல்லதே. தேன், மஞ்சள் சமாச்சாரமெல்லாம் உங்கள் விருப்பம்.

சாதாரணப் புண் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். 3 வாரம் தாண்டியும் ஆறாவிட்டால், குறிப்பாக வலியில்லாமல் விளிம்பு தடித்திருந்தால், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கண் சிவப்பு, பிறப்புறுப்பில் புண், தொடர் வயிற்றுப்போக்கு சேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.