ரீயூனியன் தீவுக்கு ஒரு வாரம் போறோம், எரிமலை தவிர வேற என்ன பாக்கலாம்?

நானும் வீட்டுக்காரரும் ஒன்பது நாள் அங்க இருந்துட்டு வந்தோம், அந்த அனுபவத்துல சொல்றேன். எரிமலை தவிரன்னு கேட்டிருக்கீங்க, ஆனா முதல்ல தென்கிழக்கு கடலோரமா போற லாவா ரோட்டுல கார்ல ஒரு தடவை போயிடுங்க. பித்தோன் த லா ஃபூர்னேஸ்ங்கற அந்த எரிமலையில இருந்து (2,632 மீட்டர்) இறங்கின நெருப்புக் குழம்பு ரோட்ட வெட்டிக்கிட்டு கடல்ல போய் விழுந்த இடமெல்லாம் வரிசையா வரும், எந்த வருஷம் வந்ததுன்னு போர்டு வச்சிருக்காங்க. பழசு மேல மரமே வளந்து நிக்குது, 2007ல வந்தது மேல பெரணியும் சாம்பல் கலர் பாசியும்தான் பிடிச்சிருக்கு. கார நிறுத்திட்டு இறங்கி பாத்தா சில இடத்துல பாறை அப்படியே கயிறு முறுக்கினாப்புல மடிப்பு மடிப்பா இருக்கு, வெல்லப்பாகு இறுகும்போது மேல ஆடை சுருங்குமே அந்த மாதிரி.

அப்படியே வடக்க வந்தா பித்தோன் சேன்த் ரோஸ்னு ஒரு ஊர். 1977 ஏப்ரல்ல குழம்பு இந்த ஊருக்குள்ளயே வந்துடுச்சு, சனங்கள முன்னாடியே வெளியேத்திட்டாங்க, வீடுங்க போச்சு, ஆனா சர்ச் வாசல்கிட்ட வந்ததும் ரெண்டா பிரிஞ்சு கட்டடத்த சுத்திக்கிட்டு போயிடுச்சு. இப்பவும் சர்ச்ச ஒட்டி அந்த கறுப்பு பாறை நிக்குது. நான் ஒரு கைய சுவத்துலயும் ஒரு கைய பாறையிலயும் வச்சு கொஞ்ச நேரம் பேசாம நின்னேன், என்ன தோணுச்சுன்னு சொல்லத் தெரியல.

எரிமலை உச்சிக்கு நடக்கணும்னா பா த பெல்கோம்ப்ங்கற வியூ பாயின்ட்ல இருந்து போயி வர அஞ்சாறு மணி நேரம் ஆகும், விடியகாலையிலயே கிளம்பிடுங்க, வெயில் ஏற ஏற மேகம் வந்து மூடிடும். அவ்ளோ நடக்க முடியாதவங்க கீழ இருக்கற ஃபோர்மிகா லியோ குன்று வரைக்கும் போனாலே போதும். எரிமலை பொங்கினா அந்த பகுதிய மூடிடுவாங்க, அதனால முதல் ரெண்டு நாள்லயே இத முடிச்சிடுங்க.

தீவுக்கு நடுவுல மாஃபாத், சலாசி, சிலாவோஸ்னு மூணு பெரிய மலைக்கிண்ணம் இருக்கு, பழைய எரிமலை இடிஞ்சு அரிச்சு உண்டானது. 2010ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. மாஃபாத்துக்கு ரோடே கிடையாது, அடிமைங்க தப்பிச்சு ஓடி ஒளிஞ்ச இடம் அது, இன்னைக்கும் நடந்து போகணும் இல்லன்னா ஹெலிகாப்டர். எங்களுக்கு டைம் இல்லாததால மாய்தோ வியூ பாயின்ட்ல இருந்து மட்டும் பாத்தோம். சிலாவோஸ் ரோட்டுல நூத்துக்கணக்குல வளைவு, வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கோங்க. அந்த ஊர் பருப்புக்கு நல்ல பேரு, கிடைச்சா வாங்கிடுங்க.

இப்ப நான் ரொம்ப சொல்ல நினைச்சது. சேன்த் ஆந்த்ரே ஊருக்கு ஒரு நாள் முழுசா ஒதுக்குங்க. 1848ல அங்க அடிமை முறைய ஒழிச்ச பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா ஏராளமான தமிழ் சனங்கள கொண்டு போனாங்க, அவங்க வம்சத்த அங்க மலபார்னு சொல்றாங்க. ராமசாமிங்கற பேரு பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல குடும்பப் பேரா இருக்கு, ஆனா பேசறது கிரியோலும் (பிரெஞ்சுல இருந்து உருவான உள்ளூர் மொழி) பிரெஞ்சும்தான். கொலோஸ் கோயில்ல ஒரு பாட்டி என்கிட்ட ஒரு நோட்டு காட்டினாங்க, அதுல மாரியம்மன் பாட்டு பிரெஞ்சு எழுத்துல எழுதியிருந்துச்சு, அர்த்தம் அவங்களுக்கு பாதிதான் தெரியும் போல, ஆனா ராகம் பிசகாம பாடினாங்க. நான் கூடவே பாடினதும் என் கைய பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

டிசம்பர் கடைசி, ஜனவரி பக்கம் போறீங்கன்னா தீமிதி எங்க நடக்குதுன்னு விசாரிங்க. பாஞ்சாலிய பாண்டியாலேன்னு கும்பிடறாங்க, விரதம் இருந்துதான் தீயில இறங்குவாங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எடுங்க, அவங்களுக்கு அது வேடிக்கை இல்ல.

அந்தப் பக்கமே வெனிலா தோட்டமும் இருக்கு. 1841ல எட்மோந் அல்பியுஸ்னு பன்னெண்டு வயசு அடிமைப் பையன் சின்ன குச்சியும் கட்டவிரலும் வச்சு வெனிலா பூவுல மகரந்தம் சேக்கற வழிய கண்டுபிடிச்சான், உலகம் பூரா இன்னைக்கும் அப்படித்தான் செய்யறாங்க. தோட்டத்துல செஞ்சு காட்டினா பக்கத்துல நின்னு பாருங்க, ஒரு பூவுக்கு சில நொடிதான்.

சாப்பாட்டுக்கு கவலையே வேணாம், சோறும் காரியும்தான், காரின்னா நம்ம கறிக்குழம்பு மாதிரி. ருகாய்னு காரமா ஒண்ணு தொட்டுக்க வைப்பாங்க, நம்ம ஊறுகாய்ல இருந்து வந்த சொல்லுன்னு சொல்றாங்க. முருங்கக்கீரைக்கு அங்கயும் முருங்கதான் பேரு.

கடல்ல குளிக்கணும்னா எர்மிதாஜ் பீச் மாதிரி பவளப்பாறை தடுப்பு உள்ள இடத்துல மட்டும் இறங்குங்க, மத்த இடத்துல சுறா பயம், தடையும் இருக்கு. பிரான்ஸ் மண்ணுதான்னாலும் ஷெங்கன்ல (ஐரோப்பிய நாடுகளோட பொது விசா பகுதி) சேராது, அதனால விசாவ தனியா விசாரிச்சுட்டு டிக்கெட் போடுங்க. நாங்க மொரீஷியஸ் வழியாதான் போனோம், அங்க இருந்து முக்கா மணி நேர ஃபிளைட்.